குறைந்த செலவில் முதல் டிரிஃப்ட் கார்: எதை முதலில் செய்வது, எதை ஒத்திப்போடுவது?

#1 – புதுத்தடம்

அனைவருக்கும் வணக்கம். டிரிஃப்ட் (பின்சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, பக்கவாட்டாக வளைவைக் கடப்பது) கற்றுக்கொள்வதற்காக ஒரு காரைத் தயார் செய்ய விரும்புகிறேன். மூடிய தடத்தில் மட்டுமே ஓட்டுவேன், பொதுச் சாலைக்கு அந்தக் கார் வராது. இழுவை வண்டியில் ஏற்றிச் செல்ல ஏற்பாடு இருக்கிறது. பிரேக், சஸ்பென்ஷன் வேலைகளை நானே செய்வேன். வெல்டிங் தெரியாது.

மூன்று கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன்: பி.எம்.டபிள்யூ. இ36 328ஐ, முதல் தலைமுறை மஸ்தா எம்எக்ஸ்-5 (1.6 லிட்டர்), நிஸான் எஸ்13. மனம் எஸ்13 மேல்தான் இருக்கிறது. ஆனால் அதை வாங்கினால் கையில் உள்ள தொகை முழுவதும் காருக்கே போய்விடும். இ36 என்றால் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக மிஞ்சும்.

மிஞ்சும் பணத்துக்கு நான் போட்டிருக்கும் பட்டியல்: கோயிலோவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் தொகுதி), ஆங்கிள் கிட் (முன்சக்கரம் கூடுதல் கோணத்துக்குத் திரும்ப வைக்கும் பாகங்கள்), ஹைட்ராலிக் ஹேண்ட் பிரேக், பக்கெட் இருக்கை (உடலை இருபக்கமும் அணைத்துப் பிடிக்கும் இருக்கை), எல்.எஸ்.டி. (இரு பின்சக்கரங்களின் வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல்). பிறகு முடிந்தால் டர்போ. இந்த வரிசை சரியா? எதையாவது விட்டுவிட்டேனா?

#2 – பழைய பட்டறை

வரவேற்கிறேன் தம்பி. பட்டியலில் டயர் என்ற சொல்லே இல்லை. குளிர்விப்பும் இல்லை. அவை இரண்டையும் முதலில் எழுதிக்கொண்டு, டர்போவை அடித்துவிடுங்கள்.

முதலில் கார். எஸ்13 அருமையான கார், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் 1988இல் வெளிவரத் தொடங்கிய காரை, இத்தனை ஆண்டுகளாகப் பலர் ஓட்டி, இடித்து, மறுபடி பூசி விற்ற காரை, டிரிஃப்ட் மோகத்தால் ஏறிய விலையில் வாங்குகிறீர்கள். பெயருக்குக் கொடுக்கும் பணம் தடத்தில் ஒரு மீட்டர்கூட உங்களை நகர்த்தாது. மூன்றில் உங்களுக்கு ஏற்றது இ36தான். 2.8 லிட்டர் ஆறு சிலிண்டர், 190க்குச் சற்று மேல் குதிரைத்திறன். கீழ் வேகத்திலேயே இழுவிசை கிடைப்பதால் இரண்டாம் கியரில் வளைவு முழுவதையும் முடிக்கலாம். பாகங்கள் இன்னும் தாராளமாகக் கிடைக்கின்றன. டர்போ சேர்த்தால் கிளட்ச், கியர்பாக்ஸ், குளிர்விப்பு, எரிபொருள் என்று நான்கு இடங்களில் செலவு பிறக்கும். அதில் ஒன்று தவறினாலும் அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது.

பணத்தைச் செலவிட வேண்டிய வரிசை, என் கணக்கில்:

அடிப்படைப் பழுதுபார்ப்பு முதலில். புஷ்கள் (சஸ்பென்ஷனின் ரப்பர் இணைப்புகள்), பால் ஜாயிண்ட், டை ராட், வீல் பேரிங், பிரேக் திரவம், எல்லா பெல்ட்டும் குழாய்களும். அடுத்து குளிர்விப்பு. அடுத்து டிஃபரென்ஷியல் (சுருக்கமாக டிஃப், இயந்திரத்தின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்து அனுப்பும் பற்சக்கரத் தொகுதி). அதன் பிறகு இருக்கை, தலைக்கவசம். மிஞ்சுவதில் பெரும்பகுதி டயருக்கும் தடக் கட்டணத்துக்கும். கோயிலோவர் அதற்கும் பின்னால். ஆங்கிள் கிட் முதல் ஆண்டில் வேண்டாம்.

#3 – எட்டுருவம்

பழைய பட்டறை சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. ஹைட்ராலிக் ஹேண்ட் பிரேக்கை அவர் பேசவே இல்லை. இ36இன் தொழிற்சாலை ஹேண்ட் பிரேக், பின்சக்கர டிஸ்க்கின் குடத்துக்குள் இருக்கும் சிறு டிரம் பிரேக். வண்டியை நிறுத்தி வைக்கச் செய்தது அது. ஓடும் சக்கரத்தை நொடியில் பூட்ட அதற்கு வலு போதாது. கேபிள் நீண்டு, லைனிங் தேய்ந்த பழைய காரில் சொல்லவே வேண்டாம். சக்கரம் பூட்டுமா பூட்டாதா என்ற ஐயத்தோடு வளைவுக்குள் நுழைபவரால் எதையும் கற்க முடியாது.

எம்எக்ஸ்-5 பற்றியும் ஒரு சொல். அந்தக் கார்மேல் எனக்கு மிகுந்த பிரியம் உண்டு. ஆனால் அதன் அச்சு இடைவெளி 2265 மி.மீ. இ36இல் அது 2700. குட்டையான கார் வேகமாகச் சுழலும், புதியவர் எதிர்ஸ்டீயரிங் கொடுப்பதற்குள் (பின்பக்கம் வழுக்கும் பக்கத்துக்கே ஸ்டீயரிங்கைத் திருப்புவதற்குள்) முன்பக்கம் பின்பக்கமாகிவிடும். 1.6இல் டிஃபரென்ஷியலும் சிறியது, 1994இல் 1.8 வந்தபோதுதான் பெரிய டிஃப் வந்தது. மாதக் கணக்கில் பழகினால் அற்புதமான கார், தொடக்கத்துக்குக் கடினம்.

#4 – பழைய பட்டறை

> ஹைட்ராலிக் ஹேண்ட் பிரேக்கை அவர் பேசவே இல்லை.

வேண்டுமென்றேதான் பேசவில்லை. முதலில் இருப்பதைச் சரிசெய்யட்டும்: புதிய லைனிங், புதிய கேபிள், முறையான சீரமைப்பு. லீவரை மேலேயே பிடித்து நிறுத்தும் பற்பூட்டு மாட்டாதபடி, அதன் பொத்தானை அழுத்தியே வைக்கும் எளிய மாற்றம் ஒன்றும் உண்டு. தொடக்கப் பயிற்சிக்கு இது போதும்.

ஹைட்ராலிக்கில் மலிவான வழி, பின்பிரேக் குழாயை வெட்டி இடையில் ஒரு மாஸ்டர் சிலிண்டரைச் செருகுவது. கால்பிரேக்கின் திரவம் அந்தச் சிலிண்டர் வழியாகவே பின்சக்கரத்துக்குப் போகிறது. அதன் சீல் கெட்டால் ஹேண்ட் பிரேக்கோடு கால்பிரேக்கின் பின்பாதியும் போகும். பெயர் தெரியாத சிலிண்டரை அங்கே பொருத்துவதை என்னால் ஏற்க முடியாது. பின்சக்கரத்துக்குத் தனியாக இரண்டாவது காலிபர் வைத்து, தனிக் குழாயில் இயங்கும் அமைப்பு பாதுகாப்பானது, ஆனால் செலவு கூடுதல். அதனால்தான் ஒத்திப்போடச் சொல்கிறேன்.

#5 – மழைத்தடம்

புதியவர்களோடு தடத்தில் அதிக நேரம் செலவிடுகிறவள் என்ற முறையில் இதில் இடையிடுகிறேன். ஹேண்ட் பிரேக் இல்லாமலேயே முதல் மாதங்களைக் கடக்கலாம், கடப்பது நல்லதும்கூட. ஹேண்ட் பிரேக்கில் தொடங்கியவர்கள் எல்லா வளைவிலும் அதையே தேடுகிறார்கள். எடை எங்கே இருக்கிறது என்று உணரும் பழக்கம் அவர்களுக்குத் தாமதமாகவே வருகிறது. கிளட்ச்சை உதைத்து (சட்டென்று மிதித்து விட்டு) வழுக்கலைத் தொடங்குவது, ஆக்சிலரேட்டரை விட்டு முன்னுக்கு எடையை மாற்றுவது, எதிர்ப்பக்கம் ஒரு சிறு வெட்டு வெட்டி ஊசலாட்டத்தால் பின்பக்கத்தை எறிவது: இவை மூன்றுக்கும் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

புதுத்தடம், உங்கள் ஊரில் நீர் தெளித்த வழுக்குத் தளம் ஏதேனும் வாடகைக்குக் கிடைத்தால் அங்கே தொடங்குங்கள். ஈரத்தில் பிடிமானம் குறைவு என்பதால் குறைந்த வேகத்திலேயே கார் வழுக்கும். டயர் தேயாது, டிஃபும் ஆக்சிலும் அடிவாங்காது. உலர்ந்த தளத்துக்கு மாறும்போது எல்லாமே வேகமாக நடப்பது போலத் தோன்றும், பிடிமானம் திடீரென்று திரும்பி வந்து காரை எதிர்ப்பக்கம் எறியும். அதற்குக் கை பழகச் சற்று நேரம் எடுக்கும். ஆனாலும் அடிப்படை அசைவுகள் மனத்தில் ஏற ஈரத் தளத்தைவிட மலிவான ஆசிரியர் இல்லை.

#6 – புதுத்தடம்

அனைவருக்கும் நன்றி. எஸ்13 ஆசையை விட்டுவிட்டேன், இ36 தான். வழுக்குத் தளம் பற்றி விசாரிக்கிறேன் அக்கா.

டிஃப் விஷயத்தில் குழப்பம். உள்ளிருக்கும் பற்களை வெல்டிங் செய்து பூட்டிவிடுவதா, எல்.எஸ்.டி. வாங்குவதா? நான் பார்த்த கார்களில் ஒன்றில் தொழிற்சாலை எல்.எஸ்.டி. இருப்பதாக உரிமையாளர் சொல்கிறார். அதை நம்பி விலையைக் கூட்டிக் கொடுக்கலாமா?

#7 – கரும்புகை

வெல்டிங். யோசிக்கவே வேண்டாம்.

#8 – பழைய பட்டறை

சற்று யோசிக்கலாம்.

திறந்த டிஃபரென்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் சமமான திருப்புவிசையையே அனுப்பும். வளைவில் எடை வெளிச்சக்கரத்துக்குப் போய்விடுகிறது, உள்சக்கரம் பிடிப்பிழந்து சுழல்கிறது. சுழலும் சக்கரம் எவ்வளவு குறைவான விசையைத் தாங்குகிறதோ அவ்வளவுதான் மற்றதற்கும் கிடைக்கும். புகை ஒரு பக்கம் வரும், கார் நேராகிவிடும். இதனால்தான் டிஃபைப் பூட்டுவது இந்த வேலையின் முதல் படி.

தொழிற்சாலை எல்.எஸ்.டி. பற்றி: இ36இல் அது உராய்வுத் தட்டு வகை, 25 சதவீதப் பூட்டு. டிஃப் உறையில் தொங்கும் தகட்டில் பல்விகிதத்துக்கு முன்னால் எஸ் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். தகடு இல்லையென்றால் பின்பக்கத்தைத் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். மற்றது அதே திசையில் சுழன்றால் எல்.எஸ்.டி., எதிர்த்திசையில் சுழன்றால் திறந்த டிஃப், அல்லது தட்டுகள் முழுவதும் தேய்ந்த எல்.எஸ்.டி. இவ்வளவு வயதான காரில் தட்டுகள் புதிதாக இருக்க வாய்ப்புக் குறைவு. நல்ல நிலையிலேயே 25 சதவீதம் டிரிஃப்டுக்குப் போதுமானதாக இராது. அதற்காக விலையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

வெளிச்சந்தை எல்.எஸ்.டி. வாங்கினால் இருவழி வகை வாங்குங்கள். ஒருவழி வகை ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் பூட்டும். இருவழி விடும்போதும் பூட்டும், அதனால் வளைவுக்குள் நுழையும் நேரத்திலும் பின்சக்கரங்கள் ஒன்றாகவே நடக்கும். டோர்சன் போன்ற பல்சக்கர வகை சாலைக்கும் பந்தயத்துக்கும் சிறந்தது. ஆனால் ஒரு சக்கரம் எடையை முற்றாக இழந்தால் அது கிட்டத்தட்டத் திறந்த டிஃப் போல நடந்துகொள்ளும்.

பட்ஜெட்டில் விடை வெல்டிங்தான், கரும்புகை சொன்னது சரி. ஆனால் எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டிஃபைக் கழற்றி முழுமையாகப் பிரித்து, எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் கழுவ வேண்டும். உள்ளே இருப்பவை கடினப்படுத்திய எஃகுப் பற்கள், சூடாக்காமல் பற்றவைத்தால் ஆறும்போது விரிசல் விடும். முன்கூட்டியே சூடாக்கி, நான்கு சிறு பற்சக்கரங்களையும் ஒன்றோடொன்றும் கூட்டோடும் ஆழமாகப் பற்றவைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும். உருகிய துணுக்கு ஒன்று பேரிங்கில் சிக்கினால் டிஃப் போய்விடும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு எண்ணெயை மாற்றி, வடிந்ததில் உலோகத்தூள் எவ்வளவு என்று பாருங்கள். உங்களுக்கு வெல்டிங் தெரியாது என்பதால் இதை வெல்டிங் தொழிலாளியிடம் கொடுங்கள், நண்பரிடம் அல்ல.

#9 – கரும்புகை

விரிவாகச் சொன்னதற்கு நன்றி ஐயா. ஒன்று சேர்க்கிறேன்: பற்றவைத்த டிஃபில் இரண்டு சக்கரமும் எப்போதும் ஒரே வேகத்தில் சுழலும். வண்டியை மெதுவாகத் திருப்பும்போது டயர் கீச்சிட்டுக்கொண்டே துள்ளும். அது இயல்பு, பதற வேண்டாம். ஆனால் ஆக்சிலில் சுமை ஏறும் என்பதால் உதிரி ஆக்சில் ஒன்றைத் தடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். புதுத்தடத்தின் கார் சாலைக்கு வராது என்பதால்தான் நானும் வெல்டிங் என்றேன். சாலையில் ஓடும் காருக்கு, அதுவும் மழையில், அப்படிச் சொல்ல மாட்டேன்.

#10 – எட்டுருவம்

இ36 வாங்கப் போகும்போது எங்கே பார்க்க வேண்டும் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. காரின் அடியில் படுத்துப் பின்பக்கத்தை ஆராயுங்கள்: பின் சப்ஃபிரேம் (பின் சஸ்பென்ஷனையும் டிஃபையும் தாங்கும் சட்டம்) பொருந்தும் இடங்கள், டிரெய்லிங் ஆர்ம் (பின்சக்கரத்தை உடலோடு இணைக்கும் கை) புஷ் உட்காரும் பை போன்ற குழிவுகள், டிக்கிக்குள் ஷாக் அப்சார்பர் பொருந்தும் இடம். இந்த உடலின் பலவீனமான இடங்கள் இவைதாம். சீலன்ட் புதிதாகப் பூசியிருந்தாலோ, பெயின்ட் மெல்லிய கோடாக விரிந்திருந்தாலோ அங்கே தகடு கிழியத் தொடங்கியிருக்கலாம். நல்ல காராக இருந்தாலும், பற்றவைத்த டிஃப் பொருத்துவதற்கு முன் அந்த இடங்களில் வலுவூட்டும் தகடுகளைப் பற்றவைத்துவிடுங்கள். டிஃபைக் கொடுக்கும் அதே தொழிலாளியிடம் இதையும் கொடுத்தால் ஒரே கூலியில் முடியும். கிழிந்த பிறகு செய்வதற்கும் முன்பே செய்வதற்கும் வேலையில் மலையளவு வித்தியாசம் உண்டு.

இதற்கு அடுத்து வந்த இ46இலும் பின்தரை விரிசல் பெயர்பெற்ற குறை. பிறகு அதற்கு மாறும் எண்ணம் இருந்தால் இதையே தேடுங்கள்.

#11 – பழைய பட்டறை

சரியாகச் சொன்னீர்கள். குளிர்விப்பைப் பற்றி நான் முன்பு சுருக்கமாகச் சொன்னதை இப்போது விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் தொடக்கநிலை டிரிஃப்ட் கார்களை முடக்குவதில் முதலிடம் இதற்குத்தான்.

டிரிஃப்ட் செய்யும்போது இயந்திரம் மேல் சுழற்சியில் முழுவிசையில் வேலை செய்கிறது, காரோ மெதுவாக, அதுவும் பக்கவாட்டில் நகர்கிறது. ரேடியேட்டருக்கு நேர்க்காற்று கிடைப்பதில்லை. இ36இல் வாட்டர் பம்பின் சுழலி பல கார்களில் பிளாஸ்டிக், தெர்மோஸ்டாட் மூடி பிளாஸ்டிக், ரேடியேட்டரின் குழாய்க்கழுத்து பிளாஸ்டிக். வெப்பத்தால் மொரமொரப்பாகி ஒரு நாள் உடையும். பம்பையும் மூடியையும் உலோகத்தில் மாற்றுங்கள். ரேடியேட்டர், விரிவுக்கலம், எல்லாக் குழாய்களும் புதிது. இவை அனைத்தும் சேர்ந்தாலும் ஒரு சிலிண்டர் ஹெட் வேலைக்கு ஆகும் செலவை எட்டாது.

டாஷ்போர்டு வெப்பமானியை நம்ப வேண்டாம். பல கார்களில் அந்த முள் பெரிய வெப்ப வரம்பு முழுவதற்கும் நடுவிலேயே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது. அது நகரும்போது காலம் கடந்திருக்கும். தனி வெப்பமானியும் ஆயில் அழுத்தமானியும் பொருத்துங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள்.

பலரும் கவனிக்காதது பவர் ஸ்டீயரிங் திரவம். ஸ்டீயரிங் ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைக்கு இடைவிடாமல் போய்வருவதால் திரவம் கொதித்து வெளியே வழியும், சூடான பகுதியில் பட்டால் தீப்பிடிக்கும். சிறு குளிர்விப்பான் ஒன்றைச் சேர்த்தால் போதும்.

இன்னொன்று. இந்த ஆறு சிலிண்டர் இயந்திரக் குடும்பத்தில் ஆயில் பம்பின் பற்சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட் மேல் சுழற்சியில் கழன்றுவிடும் பழக்கம் உண்டு. அது கழன்றால் ஆயில் அழுத்தம் நொடியில் பூஜ்யமாகும். இயந்திரத்தின் அடியில் உள்ள ஆயில் பேனை (எண்ணெய்த் தட்டை) எப்போதாவது கழற்றினால் அந்த நட்டைக் கம்பியிட்டுப் பூட்டிவிடுங்கள்.

#12 – புதுத்தடம்

இதைப் படித்த பிறகு என் பட்டியலே மாறிவிட்டது. கோயிலோவரைத் தள்ளிவைப்பதுதான் மனத்துக்கு ஒப்பவில்லை. கார் தாழ்ந்து நின்றால்தானே எடை மாற்றம் கட்டுக்குள் இருக்கும்? செலவைக் குறைக்க ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தலாம் என்று ஒருவர் சொன்னார்.

#13 – எட்டுருவம்

வெட்ட வேண்டாம். வெட்டிய ஸ்பிரிங் அதன் இருக்கையில் சரியாக உட்காராது, சக்கரம் தொங்கும் நேரத்தில் நழுவி வெளியே வரும். மிகத் தாழ்த்தினால் ஷாக் அப்சார்பரின் பயணம் தீர்ந்து கார் ரப்பர்த் தடுப்பின் மேலேயே உட்கார்ந்துவிடும். அந்தக் கணத்தில் பிடிமானம் அறுந்து, எதனால் அறுந்தது என்றே உங்களுக்குத் தெரியாமல் போகும். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

புதிய ஷாக் அப்சார்பர், சற்றே கடினமான பொருத்தமான ஸ்பிரிங், புதிய புஷ் ஆகியவற்றோடு கார் போதுமான அளவு நேர்மையாக நடந்துகொள்ளும். கோயிலோவர் வாங்கும் நாள் வந்தால் மலிவானதில் மலிவானதை வாங்காமல், பிரித்துப் பழுதுபார்க்கக்கூடியதாக ஒன்றை வாங்குங்கள்.

அதற்கு முன் அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது. இதற்கு ஆகும் செலவு சிறிது, கிடைக்கும் பலன் பெரிது. முன்கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்; எதிர்மம் என்றால் மேல்பக்கம் உள்நோக்கி) எதிர்மம் 3 பாகையைச் சுற்றி. வழுக்கும்போது முன்சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கிறதல்லவா, அந்த நிலையில் டயர் தட்டையாகத் தரையைத் தொடுவதற்காக. பின்கேம்பரைப் பூஜ்யத்துக்கும் எதிர்மம் 1 பாகைக்கும் இடையில் வையுங்கள், தேய்மானம் சீராக இருக்கும். முன்டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்முனை உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம் அல்லது மிகச் சிறிது வெளிநோக்கி. பின்டோ பூஜ்யம் அல்லது சிறிது உள்நோக்கி. கேஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) கார் எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவும். கேஸ்டர் கூடினால், பின்பக்கம் வழுக்கியதும் ஸ்டீயரிங் தானாகவே எதிர்ப்பக்கம் ஓடும். உங்கள் கை அதைத் தடுக்காமல் ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் பிடிக்க வேண்டும்.

#14 – மழைத்தடம்

எட்டுருவம் கடைசியில் சொன்னதை மேசைக்கு மேல் எழுதி ஒட்டலாம். புதியவர்களில் பெரும்பாலோர் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக் கையாலேயே திருப்ப முயல்கிறார்கள். காரின் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காது. விடுங்கள், ஓடட்டும், பிடியுங்கள். பார்வை கார் போகும் திசையில் அல்ல, நீங்கள் போக விரும்பும் திசையில்.

சுழன்றுவிட்டால் கிளட்ச்சும் பிரேக்கும் இரண்டும் ஒன்றாக அடிவரை. கிளட்ச் மிதிக்காவிட்டால் இயந்திரம் பின்னோக்கி இழுபடலாம், பிரேக் மிதிக்காவிட்டால் கார் எங்கே உருளும் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. இதைத் தூக்கத்திலும் செய்யும் அளவுக்குப் பழகுங்கள்.

பயிற்சி வரிசை: முதலில் ஒரு கூம்பைச் சுற்றி வட்டம், இரண்டு பக்கமும். பிறகு இரண்டு கூம்பைச் சுற்றி எட்டு. எட்டின் நடுவில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறும் அந்தக் கணம்தான் டிரிஃப்டின் உயிர். அதைத் துப்புரவாகச் செய்ய வந்த பிறகு நுழைவு வளைவுகளுக்குப் போங்கள். இடப்பக்கம் எளிதாக வருகிறது என்று அதையே செய்துகொண்டிருக்காதீர்கள்.

#15 – கரும்புகை

டயர்களைப் பற்றி நான் சொல்கிறேன், என் செலவில் பெரும்பங்கு அதுதான். முன்னால் நல்ல பிடிமானம் உள்ள டயர் போடுங்கள், ஏனென்றால் காரின் திசையைத் தீர்மானிப்பது முன்சக்கரம். அது தேயவும் தேயாது, நெடுநாள் வரும். பின்னால் மலிவானது, கடினமானது. பக்கச்சுவரில் தேய்மான எண் அச்சிட்டிருந்தால் 400க்கு மேல் இருப்பதைத் தேடுங்கள். எண் கூடக்கூட ஆயுள் கூடும், பிடிமானம் பொதுவாகக் குறையும். தொடக்கத்தில் நமக்கு வேண்டியதும் அதுதான். 190 குதிரைத்திறன் காருக்குப் பின்னால் அகலமான டயர் போட்டால் வழுக்கலைத் தக்கவைக்க விசை போதாமல் திணறுவீர்கள். 205 அகலம் போதும்.

ஒரே அச்சில் ஒரே வகை, ஒரே அளவு. பற்றவைத்த டிஃபில் சுற்றளவு மாறுபட்ட டயர்களைப் போட்டால் கார் ஒரு பக்கமாகவே தள்ளும். காற்றழுத்தம் பின்னால் 40 பி.எஸ்.ஐ. வாக்கில் வைத்துத் தொடங்கலாம். குறைத்தால் பிடிமானம் கூடும், ஆனால் மிகக் குறைத்தால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். வால்வு மூடிகளை மறக்காதீர்கள்.

உதிரி ரிம் இரண்டு ஜோடி எப்போதும் இருக்கட்டும். பழைய இரும்பு ரிம்மாக இருந்தாலும் பரவாயில்லை, சக்கரப் பொருத்தம் 5x120, நடுத்துளையும் பிரேக்கும் இடிக்காமல் இருந்தால் சரி. தடத்தில் டயர் மாற்ற இயந்திரம் தேடி அலையும் நேரம் ஓட்டும் நேரத்திலிருந்துதான் கழிகிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சக்கர போல்ட்களை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள்.

#16 – புதுத்தடம்

இருக்கை பற்றியும் சொல்லுங்கள். நான்கு புள்ளி பெல்ட் (நான்கு இடங்களில் பொருத்துவது) ஒன்றும் பழைய பக்கெட் இருக்கையும் சேர்த்து ஒருவர் தருகிறார். தலைக்கவசம் என்னிடம் மோட்டார் சைக்கிளுடையது இருக்கிறது, அதுவே போதுமா?

#17 – மழைத்தடம்

இதில் மட்டும் சேமிக்காதீர்கள், தயவுசெய்து.

இருக்கை உங்கள் உடலைப் பிடித்து வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்குவீர்கள், மேலே சொன்ன 'ஓடவிடுவது' நடக்கவே நடக்காது. எனவே நிலையான பக்கெட் இருக்கை முதல் ஆண்டிலேயே தேவை, இதைச் சொகுசு என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். கண்ணாடியிழை இருக்கையில் விரிசல் உள்ளதா என்று துணியை நீக்கிப் பாருங்கள். தரையில் வலுவான பிராக்கெட்டோடு பொருத்துங்கள்.

பெல்ட் வேறு கதை. பல புள்ளி பெல்ட்டில் தோளின் மேல் வரும் பட்டை பின்னால் பொருந்தும் இடம் சரியாக இருக்க வேண்டும். கிடைமட்டத்திலிருந்து 45 பாகைக்கு மேல் கீழ்நோக்கி இறங்கவே கூடாது, இறங்கினால் மோதலில் முதுகெலும்பை அது கீழே அழுத்தும். பின்தரையில் கொக்கி மாட்டி இழுத்தால் இதுதான் நடக்கும். நான்கு புள்ளியில் இடுப்புப்பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும் ஆபத்தும் உண்டு. தொடைகளுக்கு இடையே வரும் பட்டை அதைத் தடுக்கத்தான். பெல்ட்டில் எஃப்.ஐ.ஏ. (பன்னாட்டு மோட்டார் விளையாட்டு அமைப்பு) முத்திரை இருந்தால் காலாவதி ஆண்டும் அதில் அச்சிட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் கூண்டோ (காருக்குள் பொருத்தும் இரும்புக் குழாய்ச் சட்டம்) பெல்ட்டைக் கட்டும் குறுக்குக் கம்பியோ இல்லாத காரில், தொழிற்சாலையின் மூன்று புள்ளி பெல்ட் அந்த இருக்கையோடு ஒழுங்காகப் பொருந்துமானால் அதையே பயன்படுத்துங்கள். தொடக்க வேகத்துக்கு அது நேர்மையான பாதுகாப்பு.

தலைக்கவசத்தில், கவசங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஸ்நெல் அமைப்பின் எஸ்.ஏ. (கார்ப் பந்தயத்துக்கான) தரமுத்திரை தேடுங்கள். மோட்டார் சைக்கிள் கவசத்துக்கான எம் தரத்தில் தீத்தடுப்புச் சோதனை கிடையாது, கூண்டுக் குழாயில் இடிப்பதற்கான சோதனையும் கிடையாது. பல தடங்கள் தொடக்கநிலையில் எம் தரத்தை அனுமதிக்கின்றன. அனுமதி இருக்கிறது என்பதற்காக அதிலேயே நின்றுவிட வேண்டாம். கையெட்டும் தூரத்தில், உலோகப் பிராக்கெட்டில் பொருத்திய தீயணைப்பான் ஒன்று. பேட்டரியை நன்கு கட்டிவையுங்கள், உள்ளே தளர்ந்து கிடக்கும் ஒரு ஸ்பேனர்கூட இருக்கக் கூடாது.

#18 – எட்டுருவம்

ஆங்கிள் கிட் பற்றி ஒரு வரி கேட்டுவிட்டு விட்டுவிட்டோம். இப்போதைக்கு ஸ்டீயரிங் ரேக்கின் (ஸ்டீயரிங் திரும்பும்போது பக்கவாட்டில் நகரும் பற்தண்டின்) இரு முனைகளிலும், சக்கரத்தை அதோடு இணைக்கும் உள்டை ராடுக்கும் ரேக்குக்கும் இடையில் மெல்லிய ஸ்பேசர் போட்டாலே சில பாகைகள் கூடும். அதுவே உங்கள் வேகத்துக்குப் போதும். போடும்போது மூன்று விஷயம்: திருகு மரை போதுமான அளவு உள்ளே ஏறியிருக்கிறதா, முழுத் திருப்பத்தில் டயர் சட்டத்தில் உரசுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா. அளவுக்கு மீறிக் கோணத்தைக் கூட்டினால் டை ராடும் ஸ்டீயரிங் கையும் ஒரே கோட்டுக்கு வந்து, சக்கரம் எல்லையில் பூட்டிக்கொண்டு திரும்பாது. முழுமையான ஆங்கிள் கிட்டுகள் நக்கிள் (முன்சக்கரம் பொருந்தித் திரும்பும் பாகம்) வடிவத்தையே மாற்றுவது இதனால்தான்.

காணொளிகளில் வரும் ஃபார்முலா டிரிஃப்ட் (தொழில்முறை டிரிஃப்ட் போட்டித் தொடர்) கார்களைப் பார்த்துவிட்டு அதே கோணம் வேண்டும் என்று தோன்றும். அந்தக் கார்கள் 1000 குதிரைத்திறனைச் சுற்றி நிற்பவை, அந்தக் கோணத்தில் காரைத் தள்ள அவ்வளவு விசை வேண்டும். 190இல் அந்தக் கோணத்துக்குப் போனால் கார் நின்றுவிடும். ஜப்பானில் 1980களில் மலைப்பாதைகளில் இந்தக் கலையை வளர்த்த கேய்ச்சி சுசியாவின் டொயோட்டா ஏஇ86இல் இருந்தது 1.6 லிட்டர் இயந்திரம். அந்தத் தலைமுறை வேகத்தைக் காத்து ஓட்டக் கற்றது விசை குறைவாக இருந்ததனால்தான். நீங்களும் அப்படிக் கற்கும் வாய்ப்பைப் பணத்தால் இழந்துவிடாதீர்கள்.

#19 – ரப்பர் வாசம்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என்னைப் போல இழுவை வண்டி இல்லாதவர்களுக்கு ஒன்று கேட்க வேண்டும். சாலையில் ஓட்டிச் சென்று, தடத்தில் பயிற்சி செய்து, அதிலேயே வீடு திரும்பும் காருக்கும் இதே அறிவுரைகளா?

#20 – பழைய பட்டறை

இல்லை, அது வேறு கார். பற்றவைத்த டிஃப் வேண்டாம், இருவழி எல்.எஸ்.டி.க்குச் சேமியுங்கள். கூண்டு வேண்டாம்: சாலையில் தலைக்கவசம் இல்லாமல் ஓட்டும்போது அந்தக் குழாய் உங்கள் தலைக்கு அருகில் இருக்கும் இரும்பு. உங்கள் நாட்டின் வாகனச் சட்டம் எந்த மாற்றத்தை அனுமதிக்கிறது என்று முதலில் பாருங்கள், காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேளுங்கள். தடத்தில் ஏதாவது உடைந்தால் வீடு திரும்பும் வழி என்ன என்பதையும் முன்னரே முடிவு செய்யுங்கள். பொதுச் சாலையில், காலி மைதானத்தில், வாகன நிறுத்தத்தில் என்று யாரும் இதைப் பழக வேண்டாம். அங்கே எதிரே வருகிறவருக்குத் தலைக்கவசமும் இல்லை, சம்மதமும் இல்லை.

#21 – புதுத்தடம்

காரை வாங்கிவிட்டேன். கடைசியில் எடுத்தது 328ஐ, கையியக்க கியர், திறந்த டிஃப். அடியில் பார்த்தபோது இடப்பக்க டிரெய்லிங் ஆர்ம் பையின் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருந்தது. அதைக் காட்டி விலையைக் குறைத்துக்கொண்டேன். எட்டுருவம் சொல்லாதிருந்தால் அங்கே பார்த்திருக்கவே மாட்டேன், நன்றி.

திட்டம் இப்படி: பின்பக்கத்தை முழுவதும் இறக்கி, விரிசலை மூடி, வலுவூட்டும் தகடுகள், அதே நேரத்தில் டிஃப் வெல்டிங், புஷ்கள் அனைத்தும். குளிர்விப்பு முழுவதும் புதிது. ஹேண்ட் பிரேக் லைனிங், கேபிள். பக்கெட் இருக்கை, எஸ்.ஏ. கவசம். அலைன்மென்ட். மிஞ்சுவது டயருக்கும் வழுக்குத் தளத்துக்கும். ஸ்டீயரிங் ஸ்பேசர் பிறகு.

ஒரே கேள்வி: பின்பக்கம் இறங்கியிருக்கும்போதே டிஃபின் பல்விகிதத்தையும் (சக்கரம் ஒரு முறை சுழல, இயந்திரத்திலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுழல வேண்டும் என்ற கணக்கு) மாற்றிவிடலாமா? இப்போது இருப்பது 2.93.

#22 – பழைய பட்டறை

நல்ல தருணத்தில் கேட்டீர்கள். 2.93 நெடுஞ்சாலைக்கான விகிதம். குறைந்த வேக வளைவில் இரண்டாம் கியர் நீளமாக இருக்கும், சுழற்சி கீழே விழுந்து கிளட்ச்சை ஓயாமல் உதைக்க வேண்டிவரும். 3.15 அல்லது அதற்கு மேல் உள்ள டிஃப், அதே பெரிய உறை அளவில், பழைய பாகக் கடையில் கிடைத்தால் அதை வாங்கிப் பற்றவைக்கக் கொடுங்கள். உங்களுடையதை அப்படியே உதிரியாக வையுங்கள். நான்கு சிலிண்டர் கார்களில் வரும் சிறிய உறை டிஃபை எடுத்துவிடாதீர்கள், விகிதம் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் உங்கள் இயந்திரத்தை அது நெடுநாள் தாங்காது.

கிடைக்கவில்லையென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஈரத் தளத்தில் 2.93ஏ போதும்.

#23 – மழைத்தடம்

தளத்துக்குப் பதிவு செய்யும்போது முற்பகலின் முதல் பிரிவைக் கேளுங்கள், கூட்டம் குறைவாக இருக்கும். இரண்டு கூம்பும் ஓர் உதிரிச் சட்டையும் எடுத்துச் செல்லுங்கள். வட்டம் மட்டும் போதும் அன்றைக்கு. காணொளி எடுத்து இங்கே போட்டால் கையையும் பார்வையையும் பார்த்துச் சொல்கிறேன். காருக்குள் கேமரா வைக்கும்போது ஸ்டீயரிங்கும் உங்கள் முகமும் இரண்டும் தெரியும்படி வையுங்கள்.